லுவான்டியில் குளம் வெட்டினால் ஓரம் அறுபடுகிறது

தேரூர்க்காரன்:
லுவான்டி என்ற பிளாக் விளையாட்டுத் தளத்தில், பழைய மைன்டெஸ்ட்தான், நாஞ்சில் நாட்டை உருவாக்குகிறேன். வடக்கே மலை, தெற்கே கடல், நடுவே வயலும் குளமும். மலைக்கு, மேடுபள்ளத்தைச் சீராக உருவாக்கும் பெர்லின் நாய்ஸ் கணக்கே போதும். மருந்துவாழ் மலை மாதிரி ஒரு குன்றுகூட வந்துவிட்டது. குளம்தான் அடங்கவில்லை. நிலம் உருவாகும்போது ஓடும் லுவா ஸ்கிரிப்டில் ரேண்டமாக ஒரு மையம் எடுத்து வெட்டுகிறேன். சில குளங்கள் சுவர் வைத்ததுபோல் பாதியில் நின்றுவிடுகின்றன. தண்ணீர் வேறு வயலுக்குள் பாய்கிறது. நிஜத்தில் மறுகால் பாய்ந்தால் சந்தோஷப்படலாம், இங்கே நெல்லெல்லாம் போச்சு.

குலசேகரம் லுவா:
நிலம் 80 பிளாக் துண்டுகளாகத்தான் உருவாகும் மக்கா. ஒரு துண்டில் ரேண்டமாக வைத்த குளம் பக்கத்துத் துண்டுக்குத் தெரியாது. உலகத்தை 200 பிளாக் கட்டங்களாகப் பிரி. கட்ட எண்ணையும் உலகத்தின் மூல எண்ணான சீடையும் சேர்த்து மையத்தைக் கணக்கிட்டால் எந்தத் துண்டு கேட்டாலும் ஒரே விடைதான். ஒவ்வொரு துண்டும் சுற்றியுள்ள 9 கட்டங்களைப் பார்த்து, தன் எல்லைக்குள் விழுவதை மட்டும் வெட்டட்டும். நீர்மட்டத்தையும் மையத்தின் நாய்ஸ் உயரத்திலிருந்தே எடு. துண்டுக்குத் துண்டு தரையைப் பார்த்து வைத்தால் ஒரே குளத்தில் இரண்டு மட்டம் நிற்கும்.

மறுகால்:
அண்ணே, லுவான்டியில் ஓடும் மைன்டெஸ்ட் கேம் என்ற விளையாட்டில் ஆற்றுநீர் தனியாக இருக்கிறது, அதைப் போடுங்கள். 2 பிளாக் தூரம்தான் பரவும், தானாகப் பெருகாது. பிளாக்குகளை மொத்தமாக மாற்றும் வாக்ஸல்மேனிப்பில் எழுதிய பிறகு ஒளிக் கணக்கீட்டையும் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் குளத்தடி கும்மிருட்டு.

தேரூர்க்காரன்:
கட்டக் கணக்கு அருமை, ஓரம் சரியாகிவிட்டது. அப்புறம், அடுத்தது மாத்தூர் தொட்டிப்பாலம். 115 அடி உயரம் என்றால், ஒரு பிளாக் ஒரு மீட்டர் கணக்கில் 35 பிளாக். தரையை ஒட்டிய துண்டு உயரத்தில் மைனஸ் 32இலிருந்து 47 வரை என்பதால் பாலத்தின் அடிப்பாகம் 12ஆம் மட்டத்தைத் தாண்டாவிட்டால் உயரம் ஒரே துண்டில் அடங்கும். நீளத்துக்கு மறுபடி கட்டக் கணக்குதான்.