மறு: மறு: அரிய சுருதியில் ஒரு தகரக்குழல் – சொல் வேண்டும்

டப்ளின் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

அயர்லாந்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் கற்கும் கருவி டின் விசில். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதைத்தான் ஊதுகிறார்கள். இரண்டாவது குழல் வாங்கப்போகும் பெற்றோருக்காக அவர்களின் இசையாசிரியர் எழுதிய நான்கு பக்கக் குறிப்பைத் தமிழாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும்.

செய்தி இதுதான். குழலில் ஆறு துளைகள். ஆறையும் மூடி ஊதும்போது எழும் சுரமே அக்குழலின் ‘கீ’. மேற்கத்திய இசையில் சுரங்களுக்கு ஸி, டி, எஃப் என்று எழுத்துப் பெயர்கள்; கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது டி. அதில் டி, ஜி ஆகிய இரண்டிலும் அமைந்த மெட்டுகள் விரலுக்கு எளிதில் வரும், ஐரிஷ் நடன மெட்டுகள் பலவற்றுக்கு அதுவே போதும். ஆனால் எங்கள் பிள்ளைகளின் பாடற்குழு எஃப்-இல் பாடுகிறது. டி குழலில் அதை வாசிக்கத் துளைகளைப் பாதி பாதியாக மூடித் தடுமாறவேண்டும். எஃப் குழலை வாங்கினால் எஃப்-உம் பி ஃபிளாட்டும் சிரமமின்றி வரும்.

கருவியின் பெயர், ‘கீ’, ‘அதிகம் புழங்காத கீ’ ஆகிய மூன்றுக்கும் சொல் வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பு எனக்குத் தந்த தலைப்பு: ‘அசாதாரண சாவியில் தகர விசில்’. பூட்டுக் கடை விளம்பரம் போலிருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

‘விசில்’ என்றால் நம் வாசகருக்கு நினைவு வருவது நடத்துநரும் குக்கரும்தான். ‘ஊதல்’ திருவிழாக் கடையில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்குவது. ‘சீழ்க்கைக்குழல்’ என்பது என் பரிந்துரை; சீழ்க்கை உதட்டில் பிறக்கும் ஒலி, குழல் அதற்கு உடல்.

மென்பொருள் தமிழாக்கக் குழுவிலிருந்து:

ஐயா, ‘சீழ்க்கைக்குழல்’ என்பதைப் பத்து வயதுப் பிள்ளை ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். ‘தகரக்குழல்’ போதும். ஆனால் எனக்கே அதில் ஓர் ஐயம் உண்டு: இன்று விற்பவற்றில் பல பித்தளையில் ஆனவை, வாய்ப்பகுதி பிளாஸ்டிக். தகரமே இல்லாத பொருளைத் தகரம் என்று அழைக்கலாமா?

டப்ளின் மொழிபெயர்ப்பாளர்:

ஐரிஷ் மொழியிலும் அதன் பெயரின் பொருள் தகரச் சீழ்க்கைதான். பித்தளையில் செய்தாலும் அப்பெயரை அவர்கள் மாற்றவில்லை. இங்கிலாந்தில் ராபர்ட் கிளார்க் 1843-இல் தகரத்தில் செய்து விற்கத் தொடங்கிய நினைவு பெயரில் ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக்கில் செய்தாலும் நமக்கு அது மூக்குக்கண்ணாடிதானே?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. பிறகு தேங்காய்க்கும் எண்ணெய் வந்தது. ஆகவே உங்கள் வாதத்தை ஏற்கிறேன். உலோகக் குழல் நமக்குப் புதிதும் அன்று. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் குழல் செய்யும் பொருள்களுள் மூங்கிலோடு வெண்கலத்தையும் சேர்க்கிறார்; ஆம்பற்குழலுக்குக் குமுத வடிவில் உலோக ‘அணைசு’ செய்து செறிப்பதையும் சொல்கிறார். அந்தப் பிளாஸ்டிக் வாய்ப்பகுதிக்கு ‘அணைசு’ என்று பெயரிட்டால் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளாக உறங்கும் ஒரு சொல் எழுந்து உட்காரும். தலைமுறைக்கு ஒரு சொல்லையாவது நாம் இப்படி மீட்கவேண்டாமா?

குழலாசிரியர், சென்னை:

அணைசு அழகான சொல்தான், ஆனால் கேள்வி அதைப் பற்றியது அன்று. ‘கீ’க்கு நான் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லும் சொல் ‘கட்டை’. ஸி ஒரு கட்டை, டி இரண்டு, எஃப் நான்கு, பி ஃபிளாட் ஆறரை. குழல் செய்பவரிடம் ‘ஐந்தரைக் கட்டை வேண்டும்’ என்றால் மறுகேள்வி இல்லாமல் எடுத்துத் தருவார். ‘நாலு கட்டைத் தகரக்குழல்’ என்று எழுதுங்கள்; பாட்டியும் புரிந்துகொள்வார்.

மென்பொருள் தமிழாக்கக் குழுவிலிருந்து:

அங்கேதான் சிக்கல், ஐயா. நம் புல்லாங்குழலில் எத்தனை துளைகளை மூடினால் சட்ஜம், அதாவது ஆதார சுரமான ‘ச’, வரும்?

குழலாசிரியர், சென்னை:

வாய்ப்பக்கத்திலிருந்து முதல் இரண்டு. நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்பது புரிகிறது. நம் குழலின் கட்டை அந்தச் சட்ஜத்தைக் குறிப்பது. அவர்களுடைய எழுத்து ஆறும் மூடிய சுரத்தைக் குறிப்பது. எஃப் என்று பொறித்த தகரக்குழலில் இரண்டு துளைகளை மட்டும் மூடினால் ஒலிப்பது ஸி. என் மாணவன் கையில் அது ஒரு கட்டைக் குழலாகிவிடும். ஆனாலும் ஒலியின் உயரத்துக்குத்தானே கட்டை? துளைக்கணக்கை ஒரு வரியில் விளக்கிவிடலாம்.

டப்ளின் மொழிபெயர்ப்பாளர்:

அந்த ஒரு வரியைப் படிக்காமல் கடைக்குப் போகிறவர்தான் என் வாசகர். மேலும் இங்கே கடைக்காரர் காட்டும் குழலில் ‘எஃப்’ என்றே பொறித்திருக்கும். ‘நாலு’ என்று எங்கும் இருக்காது. ஆகவே ‘சுருதி: எஃப்’ என்று எழுதலாமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

சுருதி வடசொல். தமிழிசையில் ஆதார சுரத்துக்குக் ‘குரல்’ என்று பெயர் உண்டு. ‘எஃப் குரற்குழல்’ எனலாம்.

மென்பொருள் தமிழாக்கக் குழுவிலிருந்து:

பாடற்குழுவுக்கான குறிப்பில் ‘குரல்’ என்று எழுதினால் அதைப் பிள்ளையின் குரல் என்றுதான் படிப்பார்கள், ஐயா. சுருதி சேர்ப்பதும் சுருதி விலகுவதும் சமையற்கட்டு வரைக்கும் வந்துவிட்ட சொற்கள்.

டப்ளின் மொழிபெயர்ப்பாளர்:

இன்னொரு தொல்லை. எஃப் குழல் இரண்டு வகைப்படும். ஒன்று கால் மீட்டர் நீளமுள்ள சின்னக் குழல். மற்றது அதற்கு ஒரு ஸ்தாயி, அதாவது ஏழு சுரம், கீழே ஒலிப்பது, ஏறத்தாழ இரு மடங்கு நீளம். துளைகளின் இடைவெளி எட்டு வயது விரல்களுக்கு எட்டாது. பெயர் ஒன்றே என்பதால் இணையத்தில் மாற்றி வாங்கியவர்களுள் நானும் ஒருத்தி: பெட்டியைத் திறந்தபோது என் மகள் அதைத் துடைப்பக் கட்டை என்று நினைத்தாள். 1970களின் தொடக்கத்தில் ஐரிஷ் இசைக்கலைஞர் ஃபின்பார் ஃபியூரிக்காகக் குழல் செய்பவரான பெர்னார்ட் ஓவர்ட்டன் அலுமினியத்தில் செய்துகொடுத்த வகை அது. அதை எப்படி அழைப்பது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

தயங்காமல் சொல்வேன்: மெலிவு, சமன், வலிவு என்பவை கீழ், நடு, மேல் ஆகிய மூன்று தானங்களுக்கும் (ஸ்தாயிகளுக்கும்) பழந்தமிழ்ப் பெயர்கள். ‘மெலிவுக்குழல்’.

குழலாசிரியர், சென்னை:

அம்மையார் சொல்வது துடைப்பக் கட்டை போன்ற குழல். அதை மெலிவு என்றால் ஒல்லியானதைத் தேடி மீண்டும் சின்னதையே வாங்கி வருவார்கள். ‘மந்தரக்குழல்’ என்று எழுதுங்கள். மந்தர ஸ்தாயி இசை கற்ற எவருக்கும் தெரியும்.

மென்பொருள் தமிழாக்கக் குழுவிலிருந்து:

இசை கல்லாதவருக்கு மந்தரம் ஒரு மலை. பரவாயில்லை, படத்தில் நீளத்தைப் போட்டுவிடலாம். ‘புழங்காத கீ’க்கு என்ன? ‘அருஞ்சுருதி’ என்றால் கிடைத்தற்கரிய புதையல் போல ஒலிக்கிறது. எஃப் குழல் எளிதில் கிடைக்கும் பொருள்தான். ஜெனரேஷன் என்ற ஒரு நிறுவனமே பி ஃபிளாட், ஸி, டி, ஈ ஃபிளாட், எஃப், ஜி என்று ஆறு செய்கிறது. ‘கிளைச்சுருதி’யும் கூடாது, இணை, கிளை, பகை, நட்பு என்று சுர உறவுக்கு அச்சொல்லை முன்னோர் எடுத்துக்கொண்டுவிட்டனர்.

டப்ளின் மொழிபெயர்ப்பாளர்:

வியாழன் இரவு பதினொன்றரை. நான் எழுதிவிட்டதை அறிவிக்கிறேன். மறுப்பு இருப்பவர் காலைக்குள் சொல்லலாம். கருவி தகரக்குழல். ‘கீ’ சுருதி, எழுத்துப் பெயர் மாறாது. அதிகம் புழங்காதது ‘பிற சுருதிகள்’, இதற்கு மேல் எனக்குத் தெம்பில்லை. நீளமானது மந்தரக்குழல். ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் ஆறு கரும்புள்ளிகள் போட்டு ‘ஆறும் மூடிய சுரம்’ என்று குறித்திருக்கிறேன். வாய்ப்பகுதி ‘வாய்ப்பகுதி’யாகவே இருக்கிறது. மன்னியுங்கள், ஐயா.

குழலாசிரியர், சென்னை:

பெரும்பான்மைக்குத் தடை சொல்லவில்லை. ஆயினும் கடைசிப் பக்க அட்டவணையில் எஃப்-க்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘4 கட்டை’ என்று சேர்த்தால் ஒரு தாத்தாவாவது நன்றி சொல்வார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

அட்டவணையில் கட்டைக்கு இடம் உண்டென்றால், குழல் படத்தில் வாய்ப்பகுதியை நோக்கி ஓர் அம்புக்குறி வரைந்து ‘அணைசு’ என்று எழுதவும் இடம் இருக்கும். மூன்றெழுத்துதான்.