சுடுகட்டளையா, சுடுவரம்பா?

> வட அயர்லாந்துக் கட்டுரையில் 'ரூல்ஸ் ஆஃப் எங்கேஜ்மென்ட்' (படையினர் எப்போது, எவ்வளவு பலம் பயன்படுத்தலாம் என்ற வரையறை) வருகிறது. 'ஈடுபாட்டு விதிகள்' ஒட்டவில்லை. 'சுடுகட்டளை' எனலாமா?

வணக்கம் ஐயா,

'ஈடுபாட்டு விதிகள்' போகட்டும். ஆனால் 'சுடுகட்டளை' அதைவிட ஆபத்தான சொல். 'கண்டதும் சுட உத்தரவு' என்று செய்திகளில் படித்துப் பழகியவருக்கு அது சுடச் சொல்லும் ஆணையாகவே படும். இங்கே பொருள் நேர்மாறு: எப்போது சுடக் கூடாது, சுட்டால் எதுவரை.

1969இல் பிரிட்டிஷ் ராணுவம் அங்கே தெருவில் இறங்கியபின் சிப்பாய்களுக்குக் கொடுத்த மஞ்சள் அட்டையையே பாருங்கள். குறைந்தபட்ச பலமே பயன்படுத்து, தாமதித்தால் உயிர் போகும் என்றாலொழிய முதலில் எச்சரி, குறிபார்த்தே சுடு, தேவைக்கு மேல் ஒரு குண்டும் சுடாதே. எல்லாமே வரம்புகள். ஆகவே 'சுடுவரம்பு' என்று பரிந்துரைக்கிறேன். 'மஞ்சள் அட்டை' என்று மட்டும் எழுதினால் கால்பந்துதான் நினைவுக்கு வரும்; 'சுடுவரம்பு அட்டை' என்றே எழுதுவோம்.

> 'சுடுவிதி' இன்னும் சுருக்கமாயிற்றே?

சுருக்கம்தான், ஆனால் சட்டம் இடறுகிறது. விதி என்றால் மீறியவுடன் குற்றம் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். அட்டை சட்டமல்ல. நீதிமன்றம் கேட்டது 1967ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 3ஆம் பிரிவுக் கேள்வியை: அந்தச் சூழ்நிலையில் அது நியாயமான பலமா? அட்டையை மீறியதாலேயே ஒருவர் குற்றவாளி ஆவதில்லை. அட்டைப்படி நடந்தேன் என்பது மட்டும் விடுதலை தருவதுமில்லை. இந்த இடைவெளியைத் தமிழ்ச் சொல் மூடிவிடக் கூடாது.

கட்டுரையில் 'செக்டேரியன் வயலன்ஸ்' என்பதற்கு வைத்த 'பிரிவினைவாத வன்முறை'யையும் மாற்றுங்கள். அது நாடு பிரிப்பதைக் குறிக்கும். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டுகள் இடையே நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு 'சமயப்பிரிவு வன்முறை' போதும்.

> 'அக்கவுன்டபிலிட்டி'க்கு வெறும் 'பொறுப்பு' போதாதா?

போதவே போதாது. 'பொறுப்பேற்கிறோம்' என்று ஓர் அறிக்கையோடு அரசு எழுந்து போய்விடலாம். இலங்கைத் தமிழில் நிலைத்துவிட்ட 'பொறுப்புக்கூறல்' நல்ல சொல். கேட்பவர் ஒருவர் எதிரே இருக்கிறார் என்பது அதிலேயே இருக்கிறது. அந்தக் கேட்பவர் யார் என்பதில்தான் வட அயர்லாந்தில் எல்லாம் சிக்கியது. 1970களின் தொடக்கத்தில், சுட்டுக் கொன்ற சிப்பாயிடம் வாக்குமூலம் வாங்கியது பெரும்பாலும் ராணுவத்தின் சொந்தக் காவல் பிரிவு. 1973இல்தான் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. குறுக்கு விசாரணை இல்லாத அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு பிற்காலத்தில் எவ்வளவு தோண்டினாலும் முழு உண்மை கிடைக்காது.

1972 ஜனவரி 30, வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் ஒரு குடியுரிமைப் பேரணி. சிப்பாய்கள் 100 குண்டுகளுக்கு மேல் சுட்டார்கள். அன்றே 13 பேர் இறந்தனர். அதே ஆண்டு வந்த நீதிபதி விட்ஜெரியின் விசாரணை அறிக்கை ராணுவத்தைப் பெரும்பாலும் காப்பாற்றியது. எச்சரிக்கை எதுவும் கொடுக்காமலே சுட்டார்கள் என்பதை, பின்னர் அமைந்த நீதிபதி சேவிலின் விசாரணை பதிவு செய்தது 2010இல். பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது அன்றுதான்: 38 ஆண்டு கழித்து.

அதனால் 'பொறுப்புக்கூறல்' என்ற சொல்லின் அகராதிப் பதிவில், விடை எவ்வளவு விரைவில் வர வேண்டும் என்பதும் இடம்பெற வேண்டும். 2001இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வட அயர்லாந்து வழக்குகளில் வகுத்த அளவுகோல்களை ஒட்டி என் வரைவு:

பொறுப்புக்கூறல் (பெ.): அரசுப் படை பலம் பயன்படுத்தியதற்கு, அப்படையைச் சாராத விசாரணையாளர் முன், காலம் கடத்தாமல், மக்கள் அறிய, இறந்தவரின் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு அரசு விடை சொல்வது.

'காலம் கடத்தாமல்' என்பதை நீளம் கருதி யாரும் வெட்ட வேண்டாம்.