யுலிசிஸ் கிராண்ட்: போரில் ஜெயித்தவர், ஆட்சியில் தோற்றவரா?

பொன்னையன்:
அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் தளபதியாக இருந்து பிறகு அதிபரான கிராண்டுக்கு இப்போது கிடைக்கும் பாராட்டு எனக்கு ஒப்பவில்லை. 1948இல் வரலாற்றாசிரியர்களிடம் கேட்டு எடுத்த அதிபர்கள் தரவரிசையில் அவருக்குக் கீழே ஹார்டிங் ஒருவர்தான். 2021இல் சி-ஸ்பான் தொலைக்காட்சி எடுத்த கணிப்பில் 20ஆவது இடத்துக்கு வந்துவிட்டார். தளபதியாக அவர் பெரிய ஆள், அதில் சண்டையே இல்லை. விக்ஸ்பர்க் கோட்டையைப் பிடித்தார், 1865 ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டாக்ஸில் தென்மாநிலப் படைத்தளபதி லீயைச் சரணடைய வைத்தார். நான் பேசுவது 1869 முதல் 1877 வரை அவர் அதிபராக இருந்த எட்டு வருடத்தைப் பற்றி.

முதல் வருடமே தங்கச் சந்தையை வளைக்க ஊக வணிகர்களான ஜே கூல்டும் ஜிம் ஃபிஸ்கும் அவருடைய தங்கையின் கணவரையே பிடித்தார்கள். அடுத்து விஸ்கி வரி மோசடி. சாராய ஆலைக்காரர்கள் வரி அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்து அரசுக்குச் சேர வேண்டியதை அமுக்கினார்கள். அந்த வழக்கில் அதிபரின் அந்தரங்கச் செயலாளர் ஆர்வில் பாப்காக்கே குற்றவாளிக் கூண்டில் நின்றார். குற்றவாளி ஒருவனும் தப்பக் கூடாது என்று எழுதிய அதே கிராண்ட், அவருக்காகச் சத்தியம் செய்து சாட்சி சொன்னார். பாப்காக் விடுதலையானார். போர்த்துறைச் செயலர் பெல்க்நாப், சில் கோட்டை வியாபாரியிடம் வருடா வருடம் பணம் வாங்கியவர். பதவிநீக்கத் தீர்மானம் வருகிறது என்று தெரிந்ததும் 1876 மார்ச் 2 காலையில் வெள்ளை மாளிகைக்கு ஓடினார். கிராண்ட் ஒரு கேள்வியும் கேட்காமல் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார். பதவியில் இல்லாதவரை எப்படி விசாரிப்பது என்று சொல்லியே செனட்டில் பலர் அவரைத் தப்பவிட்டார்கள். ஆளை எடைபோடத் தெரியாதவரை நல்ல நிர்வாகி என்று எப்படிச் சொல்வது?

மலர்க்கொடி:
//ஆளை எடைபோடத் தெரியாதவரை//

இது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பொன்னையன் சார், அந்த எட்டு வருடத்தில் நாட்டின் முன் இருந்த பெரிய கேள்வி சாராய வரி இல்லையே. நாற்பது லட்சம் பேர் அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார்கள். அவர்கள் ஓட்டுப் போட முடியுமா, உயிரோடு வீடு திரும்ப முடியுமா என்பதுதான் கேள்வி.

அதற்கு கிராண்ட் செய்ததைப் பாருங்கள். நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற அரசியல் சாசனத்தின் 15ஆவது திருத்தம் 1870இல் நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் நீதித்துறை என்ற தனித் துறை உருவானது. 1871 ஏப்ரலில், கறுப்பர்களைத் தாக்கிய வெள்ளையர் ரகசியக் கும்பலை ஒடுக்க, கு க்ளக்ஸ் க்ளான் சட்டம். அக்டோபரில் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை (கைதானவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் உரிமை) நிறுத்திவைத்துப் படையை இறக்கினார். முகமூடி போட்டுக்கொண்டு இரவில் வீடு புகுந்து கொலை செய்தவர்களை நூற்றுக்கணக்கில் பிடித்தார்கள். கறுப்பின ஜூரிகள் உட்கார்ந்த நீதிமன்றங்களில் விசாரணை நடந்தது! அந்தக் காலத்தில் வேறு எந்த அதிபர் இதைச் செய்தார்? லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் இதற்கு நேர் எதிராகத்தான் நின்றார். 1872 தேர்தலில் கறுப்பினத் தலைவர் ஃபிரடெரிக் டக்ளஸ் ஊர் ஊராகப் போய் கிராண்டுக்காகப் பேசியதற்குக் காரணம் இருக்கிறது.

1948 பட்டியலைச் சொன்னீர்கள். அதில் ஓட்டுப் போட்டவர்கள் எந்தப் பாடப்புத்தகத்தைப் படித்து வளர்ந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவரது மாணவர்களும் கறுப்பர்களுக்கு வாக்குரிமை கொடுத்ததே தவறு என்று எழுதினார்கள். அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கிராண்டிடம் ஊழல் மட்டும்தான் தெரியும்.

குளத்தூரான்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அவர் பெரிய குடிகாரர் என்று படித்திருக்கிறேன். ஆட்சி கெட்டதற்கு அதுதான் காரணமா?

மலர்க்கொடி:
இல்லைங்க. 1854இல் கலிபோர்னியா முகாமில் இருந்தபோது குடிப்பழக்கத்தால்தான் ராணுவத்தை விட்டார் என்ற பேச்சு அவரைக் கடைசிவரை விடவில்லை. அதிபராக இருந்தபோது குடியால் அரசு வேலை கெட்டது என்று காட்ட ஒன்றும் இல்லை.

இளவேனில்:
இரண்டு பேருமே செவ்விந்தியர்களைப் பற்றி ஒரு வரி பேசவில்லை. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

கிராண்ட் பதவிக்கு வந்தபோது நம்பிக்கை கொடுத்தார். செனகா இனத்தைச் சேர்ந்த ஈலி பார்க்கரை பூர்வகுடி விவகாரங்களுக்கு ஆணையராக நியமித்தார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பூர்வகுடி அவர்தான். சமாதானக் கொள்கை என்று அறிவித்தார். ஆனால் 1874இல் பிளாக் ஹில்ஸ் மலைகளில் தங்கம் கிடைத்தது. 1868 லாரமி ஒப்பந்தப்படி அந்த மலை லகோட்டா பூர்வகுடிகளுக்குச் சொந்தம். விற்க மறுத்தார்கள். 1875 நவம்பரில் வெள்ளை மாளிகையில் ஒரு கூட்டம் போட்டு, உள்ளே நுழையும் தங்க வேட்டைக்காரர்களை ராணுவம் இனித் தடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். வேட்டைக்குப் போயிருந்த கூட்டத்தாருக்கு, ஜனவரி 31க்குள் அரசு ஒதுக்கிய பகுதிக்குத் திரும்பு, இல்லையென்றால் போர் என்று கெடு. நடுக்குளிரில், பனியில், குழந்தை குட்டிகளோடு எப்படி வருவார்கள்? வர முடியாது என்று தெரிந்தேதான் கெடு வைத்தார்கள். 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்னில் ராணுவ அதிகாரி கஸ்டர் செத்தது எல்லாருக்கும் தெரியும், அந்தப் போரைக் கிராண்டின் அரசுதான் தொடங்கியது என்பதை யாரும் சொல்வதில்லை. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மீறியதற்கு என்ன சமாதானம் இருக்கிறது?

மலர்க்கொடி:
இளவேனில், இதற்குச் சமாதானம் இல்லை. நானும் தேடவில்லை.

பொன்னையன்:
மலர்க்கொடி மேடம், க்ளானை ஒடுக்கியதை நானும் மதிக்கிறேன். அதை முன்னின்று நடத்தியவர் அட்டர்னி ஜெனரல் ஏமஸ் ஏக்கர்மன். ஒரு காலத்தில் தென்மாநிலப் படையிலேயே இருந்தவர், ஜார்ஜியாக்காரர், இந்த வழக்குகளை உயிரைக் கொடுத்து நடத்தினார். 1871 டிசம்பரில் அவரிடமே ராஜினாமா கேட்டார் கிராண்ட். வேலை பாதியில் நின்றது.

பிறகு நடந்தது? 1873 ஈஸ்டர் ஞாயிறு அன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் வெள்ளையர் கும்பல் குறைந்தது அறுபது கறுப்பர்களைக் கொன்றது, சரணடைந்த பிறகு சுடப்பட்டவர்கள் அதில் பலர். வழக்கில் தண்டனை பெற்றது மூன்றே பேர். 1874இல் நீதிபதி பிராட்லி அந்தத் தண்டனையைத் தவறென்றார். 1876இல் தலைமை நீதிபதி வெயிட், 14ஆவது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனிநபர்களை அல்ல என்று எழுதி வழக்கை முடித்தார். பிராட்லி, வெயிட் இருவரையும் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியவர் கிராண்ட்!

மலர்க்கொடி:
நீதிபதிகள் விஷயத்தில் உங்கள் அடி பலமானது. ஆனால் நியமிக்கும் நாளில் அந்தத் தீர்ப்பை யார் கண்டார்? கிராண்டின் கை எப்படிக் கட்டப்பட்டது என்றும் பாருங்கள். 1875 ஜனவரியில் லூசியானா சட்டமன்றத்துக்குள் மத்தியப் படை நுழைந்து, முறைகேடாக இருக்கையில் உட்கார்ந்த ஐந்து பேரை வெளியேற்றியது. தெற்கு கொதித்தது, அது எதிர்பார்த்ததுதான். பாஸ்டனிலேயே, அடிமை ஒழிப்புக்குப் பேர்போன ஊரிலேயே, கண்டனக் கூட்டம் போட்டார்கள். 1873இல் ஜே குக் வங்கி கவிழ்ந்து தொழில் முடங்கியதிலிருந்து வடக்கத்திய மக்களுக்குத் தெற்கின் கதையைக் கேட்கவே பொறுமை இல்லை. 1874 தேர்தலில் கிராண்டின் குடியரசுக் கட்சிக்கு நாடாளுமன்றக் கீழவையே கைவிட்டுப் போனது. ஆதரவே இல்லாத நிலையில் அதிபர் எத்தனை தடவை படை அனுப்ப முடியும்?

பொன்னையன்:
//எத்தனை தடவை படை அனுப்ப முடியும்?//

மிசிசிப்பிக்கு ஒரு தடவை அனுப்பியிருக்கலாம். 1875 தேர்தலில் ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் வெளிப்படையாகச் சுற்றியது. ஆளுநர் ஏம்ஸ் படை கேட்டுக் கெஞ்சினார். தெற்கில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வரும் இந்தக் கலவரங்களால் மக்கள் சலித்துவிட்டார்கள் என்பது கிராண்ட் எழுதிய வரி. படை வரவில்லை. கறுப்பர்கள் பெரும்பான்மையாக இருந்த யாஸூ மாவட்டத்தில் குடியரசுக் கட்சிக்கு விழுந்தது 7 ஓட்டு.

மலர்க்கொடி:
அந்தக் கடிதத்தை முழுதாகப் படிக்க வேண்டும் சார். அமைதி திரும்பாவிட்டால் பிரகடனம் வெளியிட்டே ஆக வேண்டும், அப்போது படைத்தலைவர் விளையாட்டாக நடந்துகொள்ளக் கூடாது என்று சொல்லப்போகிறேன் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார். அட்டர்னி ஜெனரல் பியர்பான்ட் சலிப்பு வரியை மட்டும் எடுத்து ஏம்ஸுக்கு அனுப்பினார். அடுத்த வருடம், 1876 அக்டோபரில், தென் கரோலினாவில் அதே அட்டூழியம் ஆரம்பித்தபோது கிராண்ட் பிரகடனம் போட்டுப் படையை அனுப்பினார்.

பொன்னையன்:
முழுதாகப் படித்திருக்கிறேன். பியர்பான்ட் அனுப்பியது அரைகுறை என்றால், திருத்தி அனுப்ப கிராண்டுக்கு வாரக்கணக்கில் நேரம் இருந்தது. மிசிசிப்பியின் கறுப்பின எம்.பி. ஜான் லிஞ்ச் அந்த நவம்பரில் நேரில் போய்க் கேட்டார். பதிலை லிஞ்ச் பின்னால் எழுதிவைத்திருக்கிறார். மிசிசிப்பிக்குப் படை போனால் அக்டோபரில் ஒஹாயோ தேர்தலில் கட்சி தோற்கும் என்று ஒஹாயோக்காரர்கள் வந்து சொன்னார்களாம். கடமை ஒரு பக்கம், கட்சி ஒரு பக்கம் நின்றபோது கட்சிக்கு இணங்கிவிட்டேன், அது பெரிய தவறு என்று அப்போதே தெரியும் என்றாராம் கிராண்ட். ஒஹாயோவில் கட்சி வேட்பாளர் ஹேய்ஸ் ஜெயித்தார். ஏம்ஸ் 1876 மார்ச்சில் பதவியை விட்டுப் போனார். தென் கரோலினாவுக்குப் படை கிளம்பியபோது மிசிசிப்பி கைவிட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.