தறி, வல்லம், கண்மாய்: வாசித்ததைச் சொல்கிறேன், அடுத்து எதை எடுக்கலாம்?

வீரவநல்லூர் வாசகி:
பாளையங்கோட்டை மைய நூலகத்தில் எடுத்த புத்தகங்களை முடித்தாயிற்று. மனசில் பட்டதைச் சொல்கிறேன். அடுத்து எதை எடுக்கலாம் என்று சொல்லுங்கள்.

முதலில் தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்'. 1953இல் வந்தது, எங்கள் அம்பாசமுத்திரம் பக்கத்து நெசவாளர் கதை. எங்கள் வீடும் தறி வீடுதான். அம்மா திண்ணையில் தார் சுற்றுவாள், அதாவது குறுக்கிழை நூலைக் குச்சியில் சுற்றுவாள், அப்பா குழிக்குள் காலைப் போட்டு நெய்வார். பாவில், அதாவது நீளவாக்கு நூலில், ஓர் இழை அறுந்துவிட்டால் போதும், குறுக்கே ஓடுகிற நாடா நின்றுவிடும். விரலால் முறுக்கிப் பிணைத்த பிறகுதான் அவருக்கு அடுத்த பேச்சு. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்ததால், கைலாச முதலியார் நொடித்துப்போகிற இடத்துக்கு மேல் அன்றைக்கு வாசிக்க முடியவில்லை. பிற்பகுதியில் கூட்ட மேடைப் பேச்சு கொஞ்சம் தூக்கல். ஆனாலும் நூல் விலையில் ஆரம்பித்து அடுப்படி வரைக்கும் பசி எப்படி வந்து சேர்கிறது என்று இவ்வளவு தெளிவாக எழுதிய நாவலை நான் வாசித்ததில்லை.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' சின்ன நாவல், ஆனால் எனக்கு ரொம்ப நெருக்கம். லாஞ்சி என்கிற இயந்திரப் படகு வந்தபிறகு, வல்லம் என்கிற நாட்டுப் படகை வைத்திருப்பவர்கள் படுகிற பாடுதான், விசைத்தறி வந்து எங்கள் தெரு பட்டதும். வல்லத்தை விற்க மனசில்லாத குரூஸ் மிக்கேலை அப்படியே எனக்குத் தெரியும். யாரையும் கெட்டவனாக்காமல் எழுதியிருப்பது பெரிய விஷயம்.

சோ. தர்மனின் 'சூல்' 2019இல் சாகித்திய அகாதமி விருது வாங்கியது. உருளைக்குடிக் கண்மாயைப் பற்றி எழுதிய பக்கங்கள் அருமை. ஆனால் கிளைக்கதைகள் கூடக்கூடக் கண்மாய் கண்ணைவிட்டு மறைந்துவிடுகிறது.

வண்ணதாசனின் 'ஒரு சிறு இசை'யை நாளுக்கு ஒரு கதையாக வாசித்தால் நல்லது. சேர்ந்தாற்போல் வாசித்தால் அத்தனை கனிவும் திகட்டிவிடுகிறது.

கரிசல்காட்டான்:
அக்கா, 'சூல்' பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் கோவில்பட்டிப் பக்கம். எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி யாரைக் கேட்டாலும் மடை திறந்தவர் யார், கரையில் மரம் வைத்தவர் யார், தண்ணீருக்குச் சண்டை போட்டவர் யார் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த மனுசங்க கதையை எடுத்துவிட்டால் கண்மாயில் என்ன மிச்சம்? உங்களுக்குப் பூமணியின் 'பிறகு' பிடிக்கும். தோல் வேலை செய்கிற அழகிரியின் கதை. அழுகை, ஆவேசம் எதுவும் இல்லாமல் எழுதியிருப்பார்.

உவரி வாத்தியார்:
'கடல்புரத்தில்' பிடித்தவர் ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' கட்டாயம் வாசிக்கணும். 2004இல் வந்தது. கடலில் தத்தளிக்கிற மூன்று பேரை வைத்துக்கொண்டு ஆமந்துறையின் தலைமுறைக் கதையைச் சொல்கிறார். பரதவர் பேச்சு ஆரம்பத்தில் பிடிபடாது. வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், சரியாகிவிடும்.

வீரவநல்லூர் வாசகி:
நன்றி அண்ணாச்சி, அது தடிமனான புத்தகம், கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்கிறேன். தம்பி, 'பிறகு' முதலில். 'சூல்' பற்றி என் கருத்து மாறவில்லை, ஆனால் நீங்கள் சொன்னதை நினைத்துப் பார்க்கிறேன். அப்புறம் இன்னொன்று: விசைத்தறி வந்தபிறகு எங்கள் பக்கத்துக் குழித்தறிகள் என்ன ஆயின என்று யாராவது நாவல் எழுதியிருந்தால் பெயரைச் சொல்லுங்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.