காசல்ரீயில் மீன் பிடிக்க முதல் தூண்டில் எது?

கேள்வி:
வணக்கம். ஹட்டனில் வசிக்கும் நான், காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் திலாப்பியா பிடிக்கப் பழக விரும்புகிறேன். மூங்கில் தடி போதுமா, ரீல் பூட்டிய தடி வேண்டுமா?

பதில் 1:
திலாப்பியா பெரும்பாலும் கரையோர ஆழமற்ற நீரில் மேய்வதால், பத்தடி மூங்கில் தடியும் அதே நீளத் தங்கூசியும் (நைலோன் தூண்டில் நூல்) தொடக்கத்துக்குத் தாராளம். பணத்தை நல்ல கொக்கிக்குச் செலவிடுங்கள். அந்த மீனின் வாய் சிறியது என்பதால் 8 அல்லது 10ஆம் இலக்கமே பொருந்தும். இலக்கம் கூடக்கூடக் கொக்கி சிறிதாகும். இரைக்கு மண்புழு போதும்.

பதில் 2:
உண்மைதான், ஆனால் வறட்சியில் நீர்மட்டம் இறங்கிச் சேற்றுக்கரை விரியும்போது மூங்கில் எட்டாது. அப்போது ஆறரை அடி கண்ணாடியிழைத் தடி, 2500 அளவு ரீல், 0.25 மில்லிமீற்றர் தங்கூசி ஆகியவற்றை வாங்குங்கள். காபன் தடி இலேசானது என்றாலும் பாறையில் அடிபட்டால் எளிதில் முறியும். முடிச்சை இறுக்குமுன் உமிழ்நீரால் நனைத்துவிடுங்கள். காய்ந்த தங்கூசி உராய்வில் சூடாகி அந்த இடத்திலேயே அறுந்துபோகும்.

பதில் 3:
மீன் கடிப்பதைக் காட்டத் தங்கூசியில் கட்டும் மிதப்பின் நுனி மட்டும் நீருக்கு மேலே தெரியும் அளவுக்கு ஈயக்குண்டு கட்டுங்கள். மிதப்பு உயர்ந்து நின்றால், இரையைக் கவ்வும் மீன் இழுவையை உணர்ந்து துப்பிவிடும்.