எம்.பி. அலுவலகத்தில் குழந்தை நல இன்டர்ன்ஷிப்: போய் வந்தவர்கள் எழுதுங்கள்

எம்.பி.எச். மாணவன்:
அடுத்த கூட்டத்தொடருக்கு டெல்லியில் ஒரு எம்.பி.யிடம் வேலை பழகப் போகிறவர்கள் எங்கள் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) வகுப்பில் சிலர் இருக்கிறோம். குழந்தை ஊட்டச்சத்து, தடுப்பூசிப் பக்கம்தான் ஆர்வம். அங்கே உண்மையில் என்ன வேலை, எங்கே சொதப்பும்? ‘நல்ல எக்ஸ்போஷர்’ என்ற பதில் மட்டும் வேண்டாம்.

பின்வரிசை:
முக்கால்வாசி வேலை கேள்வி எழுதுவதுதான். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் தருவது) 20, எழுத்துப் பதிலுக்கு 230. குறைந்தது 15 முழு நாள் முன்னதாக நோட்டீஸ் போயிருக்க வேண்டும். யாருடையது முதலில் என்பது குலுக்கல். ஒரு கேள்வி 150 சொல்லைத் தாண்டக்கூடாது. அதில் வாதம் செய்தாலோ, அமைச்சரின் அபிப்பிராயம் கேட்டாலோ தள்ளுபடி. ஏற்கெனவே பதில் வந்த விஷயமும் நிற்காது. ஆகவே எழுத உட்காரும் முன் நாடாளுமன்றத் தளத்தில் பழைய பதில்களைத் தேடிப் படியுங்கள். அலுப்பான வேலை, ஆனால் பாதி விஷயம் அங்கேயே கிடைத்துவிடும்.

குழந்தை நலத்தில் கேள்வி வீணாவதற்குப் பெரிய காரணம், தப்பான அமைச்சகத்தின் கதவைத் தட்டுவது. தடுப்பூசி சுகாதாரத்திடம். அங்கன்வாடி மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டிடம். பள்ளி மதிய உணவு கல்வியிடம். தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தையைக் கண்டுபிடிப்பது அங்கன்வாடி. சேர்த்துச் சிகிச்சை தரும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையமோ சுகாதாரத் துறையுடையது. ‘எத்தனை பேரைக் கண்டறிந்தீர்கள், எத்தனை பேரைச் சேர்த்தீர்கள்’ என்று ஒரே மூச்சில் கேட்டால் பாதிக்குத்தான் பதில் வரும். இரண்டு அமைச்சகத்துக்கும் தனித்தனிக் கேள்வி அனுப்புங்கள். இரண்டிலும் அதே ஆண்டுகள், அதே மாநிலங்கள். பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓட்டை தெரிந்துவிடும்.

உட்பிரிவு அதிகமானால் ‘(அ) முதல் (உ) வரை’ என்று மூட்டை கட்டித் திட்ட அறிமுகத்தையே பதிலாக நீட்டுவார்கள். மூன்று போதும். முதல் பிரிவு எண் கேட்கட்டும்: கடந்த மூன்று ஆண்டுகள், மாநில வாரியாக. ‘பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது’ என்ற வரி எப்போதும் தயாராக இருக்கும். மத்திய நிதி எவ்வளவு விடுவித்தீர்கள், எவ்வளவு செலவானது என்று கேட்டால் அந்த வரிக்கு வேலை இல்லை.

‘தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்’ என்று வந்தால் விட்டுவிடாதீர்கள். அது அமைச்சர் அவைக்குத் தந்த உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். தேதியை டைரியில் குறித்து வைப்பது இன்டர்னின் வேலை. வேறு யாரும் குறிக்கப் போவதில்லை.

தேன்மொழி:
எண்களைப் பற்றி நான் சொல்கிறேன். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21) ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் இந்திய அளவில் 35.5 சதவீதம், தமிழ்நாட்டில் 25. அதோடு போஷன் டிராக்கர் (அங்கன்வாடிப் பதிவுகளுக்கான அரசுச் செயலி) எண்ணை ஒப்பிட்டு ‘குறைந்துவிட்டது’ என்றோ ‘மறைக்கிறார்கள்’ என்றோ பிரீஃப் (எம்.பி.க்கான சுருக்கக் குறிப்பு) எழுதுபவர்கள் ஏராளம். ஆய்வு வீடுகளில் மாதிரி எடுத்து அளக்கிறது. டிராக்கரில் இருப்பது அங்கன்வாடியில் பதிவாகி, அளக்கப்பட்ட குழந்தைகள் மட்டும். வகுக்கும் எண்ணே வேறு.

சிசு மரண விகிதமும் அப்படித்தான். மாதிரிப் பதிவு முறை (எஸ்.ஆர்.எஸ்.) ஆண்டுதோறும் தருகிறது (2020இல் இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்கு 28). குடும்பநல ஆய்வின் 35.2, ஆய்வுக்கு முந்தைய ஐந்தாண்டுகளுக்கானது. ஒரே பத்தியில் இரண்டையும் கலந்தால் எதிர்த்தரப்பு அதை மட்டும் பிடித்துக்கொள்ளும்.

எம்.பி. முதலில் கேட்பது ‘என் தொகுதியில் எவ்வளவு?’ ஆய்வு மாவட்ட வாரியாகத்தான் தருகிறது. தொகுதி எல்லை வேறு. அதை அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். மாவட்ட அட்டவணையில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்து வந்தது. 25க்கும் கீழே போனால் எண்ணே இருக்காது, நட்சத்திரக் குறிதான். அடைப்புக்குறியை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் எழுதுவது ஏறக்குறைய பொய்.

வரைவுக்காரர்:
தொண்டு நிறுவனப் பக்கம் போகிறவர்களுக்கு. மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு (அதை ஆராயும் எம்.பி.க்கள் குழு) போனால் பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள். அவகாசம் பெரும்பாலும் 15 நாள்தான். மனுவில் முன்னுரையைச் சுருக்குங்கள். மூன்று நெடுவரிசை அட்டவணை: இப்போதுள்ள உட்பிரிவு, நீங்கள் கேட்கும் வாசகம், காரணம். வாசகம் சட்ட நடையில் இருக்க வேண்டும். ‘குழந்தைகளின் நலன் காக்கப்பட வேண்டும்’ என்று எழுதினால் அதை மசோதாவில் எங்கே செருகுவது?

குழுவுக்குக் கொடுத்த மனுவையும் சாட்சியத்தையும் அறிக்கை அவையில் வைக்கப்படும் முன் வெளியிடக்கூடாது. ட்விட்டரில் போட்டால் அவை உரிமை மீறல் பிரச்சினை. இன்டர்ன்கள் ஆர்வக்கோளாறில் செய்வது இதுதான்.

1992ஆம் ஆண்டின் தாய்ப்பால் மாற்று உணவுச் சட்டத்தைக் கட்டாயம் படியுங்கள். 2003 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வயது வரைக்குமான உணவுகளுக்கு விளம்பரத் தடை. சின்னச் சட்டம். ஒரு சட்டம் விளம்பரம், லேபிள், டாக்டருக்குக் கொடுக்கும் பரிசு எல்லாவற்றையும் எப்படிப் பிடிக்கிறது என்று பழக அதைவிட நல்ல பாடம் இல்லை.

பின்வரிசை:
பட்ஜெட் தொடர் என்றால் பட்ஜெட் ஆவணங்களில் ஒன்றான செலவின விவரத் தொகுப்பில் (Expenditure Profile) அறிக்கை எண் 12ஐப் பாருங்கள். குழந்தைகளுக்கான ஒதுக்கீடு முழுவதும் அங்கே. மதிப்பீட்டோடு நிற்காமல் திருத்திய மதிப்பீட்டையும், முந்தைய ஆண்டின் அசல் செலவையும் சேர்த்து எழுதுங்கள்.

எம்.பி.எச். மாணவன்:
விண்ணப்பம்?

தேன்மொழி:
பி.ஆர்.எஸ். (சட்டமன்ற, நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் அமைப்பு) நடத்தும் லாம்ப் (LAMP) ஃபெல்லோஷிப் முழுநேரம், ஒரு எம்.பி.யோடு. 2010இலிருந்து நடக்கிறது. வயது வரம்பு 25 என்பதால் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்குக் கிடைப்பது குறுகிய இடைவெளிதான். மற்ற எம்.பி. அலுவலகங்களுக்கு நேராக மெயில் போடலாம். பயோடேட்டாவோடு ஒரு பக்க பிரீஃபும், அதிலிருந்து எடுத்த இரண்டு கேள்வி வரைவும் வையுங்கள். சென்னையிலேயே இருக்கப் போகிறவர்கள் சுகாதாரம், சமூக நலன் இரண்டு துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்பையும் படியுங்கள். மானியக் கோரிக்கை சமயத்தில் பேரவையில் வைப்பார்கள், தமிழிலும் கிடைக்கும். அங்கன்வாடி இங்கே சமூக நலத்துறையிடம். அதைத் தேடிச் சுகாதாரத் துறைக் குறிப்பைப் புரட்ட வேண்டாம்.