டேஸ்ட் ஆஃப் ஹனி ஒரே பாட்டுக் குழுவா?

வினைல்வேந்தன்: எழுபதுகளின் 'ஒரே பாட்டு' டிஸ்கோ குழுக்கள், அதாவது ஒரே ஒரு பாட்டில் மட்டும் வெற்றி கண்டவர்கள் என்று நேற்று ஒருவர் போட்ட பட்டியலில் டேஸ்ட் ஆஃப் ஹனிதான் முதலில் இருக்கிறது. பார்த்ததும் எரிச்சல் வந்தது. 'பூகி ஊகி ஊகி' 1978இல் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசையில் மூன்று வாரம் முதலிடம். சரி, 1981இல் 'சுகியாகி' மூன்றாம் இடத்துக்கு வந்ததே, அது எந்தக் கணக்கு?

தாளம்77: பட்டியல் என்னுடையதுதான். 'சுகியாகி' கியூ சகமோட்டோ பாடியது. 1963இலேயே ஜப்பானிய மொழியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இரவல் பாட்டைச் சேர்க்க முடியாது.

வினைல்வேந்தன்: இரவலா? ஆங்கில வரிகள் ஜானிஸ் மேரி ஜான்சன் எழுதியவை. இரவல் ஆகாது என்றால் தெல்மா ஹூஸ்டனின் 1977 முதலிடப் பாட்டையும் தூக்கிப் போடுங்கள். அதை ஹெரால்ட் மெல்வின் குழு முன்பே பாடிவிட்டது. குளோரியா கெய்னரின் 'நெவர் கேன் சே குட்பை' ஜாக்சன் 5 பாடியது. மூன்றாம் இடம் மூன்றாம் இடம்தான்.

தாளம்77: அவர்கள் தனிப் பாடகிகள். நான் பேசுவது குழுக்களைப் பற்றி. எல்விஸ் காஸ்டெல்லோ, கார்ஸ், டோட்டோ எல்லோரையும் விட்டுவிட்டு 1979இல் இவர்களுக்குச் சிறந்த புதுமுகம் கிராமி கொடுத்தார்கள். அப்புறம் என்ன சாதித்தார்கள்?

வினைல்வேந்தன்: 'சுகியாகி' சாதித்தார்கள்! எத்தனை தடவை சொல்வது? பேஸ் கிடாரில் ஜானிஸ், கிடாரில் ஹேசல் பெய்ன். இரண்டு பெண்கள் வாத்தியத்தோடு முன்னால் நின்ற டிஸ்கோ குழு வேறு எத்தனை காட்டுவீர்கள்? 'பூகி'யின் தொடக்கத்தில் வரும் பேஸை ஒருமுறை நல்ல ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

பிலடெல்பியா_ரசிகை: ட்ராம்ப்ஸ் என்ற டிஸ்கோ குழுவை யாருமே கண்டுகொள்வதில்லையே. 1976இல் வந்த அவர்களின் 'டிஸ்கோ இன்ஃபெர்னோ', சாட்டர்டே நைட் ஃபீவர் படத்துக்குப் பிறகுதான் 11ஆம் இடத்துக்கு ஏறியது. அந்தக் குழுவின் ஏர்ல் யங்கின் டிரம்ஸ் இல்லாமல் டிஸ்கோவே இல்லை.

தாளம்77: அதற்குத் தனி இழை தொடங்குங்கள் அம்மா. வேந்தன் சார், போன மாதம் போனி எம் அமெரிக்கக் குழு என்று அடம்பிடித்தது நீங்கள்தானே? ஜெர்மனியில் ஃபிராங்க் ஃபாரியன் உருவாக்கிய குழு அது.

வினைல்வேந்தன்: பேச்சை மாற்றாதீர்கள். அந்த இழையில் என்னைக் கேலி செய்த நாலு பேரில் நீங்களும் ஒருவர், மறக்கவில்லை. 1981, மூன்றாம் இடம். பட்டியலைத் திருத்துங்கள்.

தாளம்77: ஜப்பான் மெட்டு. திருத்த மாட்டேன்.

பிலடெல்பியா_ரசிகை: என்னை அம்மா என்று யார் கூப்பிடச் சொன்னது?

வினைல்வேந்தன்: மெட்டு ஜப்பானுடையது, வரி ஜானிஸுடையது, மூன்றாம் இடம் டேஸ்ட் ஆஃப் ஹனியுடையது. நாளைக்கும் வந்து இதையே எழுதுவேன்.